முன்னெழுத்து யாருடையது? ஒருபால் இணையரின் பிள்ளைகளும் திருமணச் சமத்துவ விவாதமும்

தமிழ்நாட்டில் ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்பவர் அதோடு நிறுத்துவதில்லை. "பேரு?" என்ற கேள்விக்குப் பதில் வந்ததும் அடுத்த மூச்சிலேயே "இனிஷியல்?" என்பார். பள்ளிச் சேர்க்கைப் படிவம், தடுப்பூசி அட்டை, வங்கிப் பாஸ்புக் என்று எங்கும் இதே வரிசைதான். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தைக் கழற்றிப் போட்ட சமூகம், பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது. அந்த எழுத்து தகப்பனுடையது என்பது எழுதாத விதி. "இனிஷியல் இல்லாத பிள்ளை" என்பது நம் தெருக்களில் இன்றும் வசை. ஒரு பெண்ணைச் சிறுமைப்படுத்தவும் ஒரு குழந்தையைக் கூனிக் குறுக வைக்கவும் அந்த மூன்று சொற்கள் போதும்.

இதே மண்ணில்தான் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார். அந்த இரண்டு எழுத்துகளில் முதலாவது மதுரை. இரண்டாவது அவரைப் பெற்ற வீணைக் கலைஞர் சண்முகவடிவு. தாயின் எழுத்தைத் தாங்கிய பெயரோடுதான் 1966-இல் ஐக்கிய நாடுகள் அவையில் அவர் பாடினார். 1998-இல் பாரத ரத்னா பெற்றார். அந்த எழுத்தை நாடு குறையாகப் பார்க்கவில்லை. ஆனால் புகழுக்குக் கொடுத்த சலுகையைச் சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு நாம் கொடுத்ததில்லை.

இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ இணைந்து வளர்க்கும் பிள்ளைகளைப் பற்றியது இக்கட்டுரை. திருமணச் சமத்துவம் பற்றிய விவாதத்தில் இந்தப் பிள்ளைகள் எப்போதும் சாட்சிக் கூண்டில் நிறுத்தப்படுகிறார்கள். "இப்படி வளர்ந்த பிள்ளை நன்றாக இருக்கிறதா?" என்று ஒரு தரப்பு கேட்கிறது, "நன்றாகத்தான் இருக்கிறது, பாருங்கள்" என்று மறுதரப்பு மதிப்பெண் பட்டியலை நீட்டுகிறது. கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் வாதம். தன்னைத் தூக்கி வளர்க்கும் இருவரில் ஒருவரைச் சட்டம் ஏன் இந்தப் பிள்ளையிடமிருந்து பறித்து வைத்திருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் விடைக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1967-இல் சென்னைக் கோட்டையில் இதற்கு மிக நெருக்கமான ஒரு சிக்கல் தீர்க்கப்பட்டிருக்கிறது.

சிட்லபாக்கத்தில் ஒரு வீடு

2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. வந்து குடியேறியவர்களின் ஊர் இது. மெப்ஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர்கள், கிறித்தவக் கல்லூரிக்குப் படிக்க வந்தவர்கள், விமானப்படைத் தளத்துக்கு மாற்றலாகி வந்தவர்கள், சானடோரியம் மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்து தங்கிவிட்டவர்கள். இங்கே தெருவுக்குத் தெரு தொங்கும் 'டு லெட்' அட்டைகளில் "ஃபேமிலி மட்டும்" என்று எழுதியிருக்கும். குடும்பம் என்றால் என்ன என்பதற்கு அன்றாடம் தீர்ப்பு எழுதுபவர்கள் நீதிபதிகளைவிட வீட்டு உரிமையாளர்களே.

ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். வாதத்துக்காக நான் கட்டும் வீடு இது. ஆனால் அதன் ஒவ்வொரு செங்கல்லும் நடப்பில் உள்ள சட்டம். சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷன். இரண்டு பெண்கள், ஒரு பெண் குழந்தை. குழந்தை ஒருவரை 'அம்மா' என்றும் மற்றவரை 'பெரியம்மா' என்றும் கூப்பிடுகிறது. அக்கம்பக்கத்தார் அவர்களை அக்கா தங்கை என்று எடுத்துக்கொண்டார்கள், இவர்களும் திருத்தவில்லை.

குழந்தை வந்தது எப்படி? 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இணையராக வருபவர்கள் மணமான ஆணும் பெண்ணுமாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் 21 முதல் 50 வயது வரையுள்ள பெண் தனியாக வந்தால் சிகிச்சை பெறலாம். ஆகவே அம்மா 'தனித்த பெண்' என்று கையெழுத்திட்டார். ஒவ்வொரு ஊசிக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பக்கத்திலேயே இருந்த பெரியம்மாவுக்கு மருத்துவமனை கொடுத்த பெயர் 'அட்டெண்டர்'.

பிறந்த பிறகு மாநகராட்சி அலுவலகம். மணமாகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லக் கட்டாயமில்லை, அவருடைய உறுதிமொழிப் பத்திரமே போதும் என்று 2015 ஜூலையில் ஏ.பி.சி. எதிர் தில்லி அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே சான்றிதழ் கிடைத்தது: தாய் பெயர் உண்டு, தந்தை பெயருக்கான இடம் வெறுமை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்த வெற்றிடத்தின் கனம் அதனால் கூடியிருக்கிறது. அங்கே பெரியம்மாவின் பெயரை எழுத வழியில்லை. இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சலில் அனத்தும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர், அரசின் எந்தத் தாளிலும் இல்லை.

இதுவரை வெறும் தாள்தான் என்று ஒருவர் சொல்லலாம். அம்மா ஒரு விபத்தில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பெரியம்மாவுக்கு அந்தக் குழந்தையின் மேல் எந்த உறவும் சட்டத்தில் இல்லை. அம்மாவின் அண்ணன் வந்து குழந்தையை அழைத்துக்கொண்டு போகலாம். பெரியம்மா 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி நீதிமன்றம் போய், தான் யார் என்பதை முதலிலிருந்து விளக்க வேண்டும். முன்கூட்டியே உயில் எழுதி வைத்திருந்தால்? 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் மணமாகாத தாய்க்கு உயில் மூலம் காப்பாளரை நியமிக்கும் அதிகாரத்தைத் தருவது பிரிவு 9(4). அந்தப் பிரிவு எந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறது தெரியுமா? 'முறைதவறிப் பிறந்த' பிள்ளையைப் பற்றி. தன் மகளைக் காப்பாற்ற நினைக்கும் தாய் முதலில் அவளை அந்தச் சொல்லுக்குள் உட்காரவைக்க வேண்டியிருக்கிறது.

மாறாக, பெரியம்மா உயில் எழுதாமல் இறந்தால் அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு அவருடைய பெற்றோருக்குப் போகும், அவர்கள் இல்லையென்றால் தகப்பன் வழி வாரிசுகளுக்கு. பிள்ளைக்கு ஒரு கதவுகூட மிஞ்சாது. இருவரும் பிரிந்துவிட்டாலோ, பெரியம்மாவிடம் ஜீவனாம்சம் கேட்கப் பிள்ளைக்கு உரிமையில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகப் பெரியம்மாவுக்கும் உரிமையில்லை. பிரிவைப் பற்றித் திருமணச் சமத்துவ இயக்கத்திலுள்ளவர்கள் பேசத் தயங்குவதை நான் பார்க்கிறேன். நம் குடும்பங்களும் உடையும் என்று ஒப்புக்கொண்டால் எதிர்த்தரப்புக்கு இடம் கொடுத்ததாகிவிடுமோ என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் சட்டத்தின் தேவை அதிகமாக இருப்பது உடையும் வீட்டில்தான்.

இரண்டு ஆண்களின் வீடு இதைவிடக் கடினம். வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் மணமான இணையருக்கும், 35 முதல் 45 வயது வரையுள்ள கைம்பெண்ணுக்கும் மணமுறிவு பெற்ற பெண்ணுக்கும் மட்டுமே. தத்து எடுக்கலாம் என்றால், இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 57-இன்படி தனித்த ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் விதி 5(3) இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்வு இல்லாத இணையருக்குக் குழந்தையைக் கொடுக்க இடந்தராது. அதே ஆண்டு ஜூனில் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் வெளியிட்ட குறிப்பு, மணம் செய்யாமல் துணையோடு வாழும் தனிநபரின் விண்ணப்பத்தையும் ஏற்கக் கூடாது என்றது. வீட்டை ஆய்வு செய்ய அதிகாரி வரும் நாளில் ஒருவர் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். பொய்யில் தொடங்கினால்தான் ஒரு குடும்பம் தொடங்கும் என்ற நிலைமையை உருவாக்கிவிட்டு, அந்தக் குடும்பம் நிலையானதா என்று கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

ஐம்பது நாளில் மூன்று தீர்ப்புகள்

2023 அக்டோபர் 17 அன்று, ஒருபால் திருமணத்துக்கு ஏற்பு கேட்ட சுப்ரியோ எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. திருமணம் அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐவரும் ஒன்றுபட்டார்கள். தத்தெடுப்பில் பிரிந்தார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் விதி 5(3) பாரபட்சமானது என்றார்கள். மணமான ஆண்-பெண் இணையர் மட்டுமே நிலையான வீட்டைத் தரமுடியும் என்று காட்ட எந்த ஆதாரமும் வைக்கப்படவில்லை என்று சந்திரசூட் எழுதினார். நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா ஆகிய மூவர் அந்த விதியைக் காப்பாற்றினார்கள். 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின.

மனுதாரர்களில் ஓர் ஆண் இணையர் இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் சேர்ந்து அந்தக் குழந்தைகளுக்குச் சட்டப்படி பெற்றோராக முடியாது என்பதே அவர்கள் முறையீட்டின் மையம். குழந்தை உரிமை ஆணையங்களே இரண்டுபட்டு நின்றன: தேசிய ஆணையம் எதிர்த்தது, தில்லி ஆணையம் ஆதரித்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை நான் வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கவில்லை. நீதிபதி பட் சொல்லும் காரணம் கவனமாகப் படிக்க வேண்டியது. மணமாகாத இணையர் நல்ல பெற்றோராக இருக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை. மணவாழ்வு முறிந்தால் பிள்ளையின் பராமரிப்பு, காப்பு, வாரிசுரிமை ஆகியவற்றைக் காக்கத் திருமணச் சட்டங்கள் இருக்கின்றன. மணமில்லாத இணையருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே விதி நியாயமானது என்கிறார். அதாவது பிள்ளையின் நலன்தான் காரணம். அந்த நலனைக் காக்கும் ஒரே கருவி திருமணம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கருவியை ஒருபால் இணையருக்கு மறுப்பதும் அதே தீர்ப்புதான். கிணற்றில் கயிறில்லை என்பதால் தண்ணீர் கிடையாது. கயிறு கேட்டால் அது சட்டமன்றத்தின் வேலை. தனி ஒருவர் தத்தெடுத்துப் பிறகு துணையோடு சேர்ந்து வளர்க்கும் குழந்தை, எதிர்பாராதது ஏதேனும் நேர்ந்தால் உரிமைகளை இழக்கக்கூடும் என்பதையும் பட் கண்டுகொள்கிறார். அதைப் பரிசீலிக்க நீதிமன்றம் சரியான இடமல்ல என்று விட்டுவிடுகிறார். நோயைக் கண்டுபிடித்த கை மருந்துச் சீட்டை எழுதாமல் நிறுத்திக்கொண்டது.

இந்தத் தீர்ப்புக்குச் சரியாக ஐம்பது நாள் முன்பு, 2023 ஆகஸ்ட் 28 அன்று, இதே நீதிபதி பட் இடம்பெற்ற அமர்வு இளவரசன் வழக்கில் தமிழ்நாட்டுச் சுயமரியாதைத் திருமணத்தைப் பற்றித் தீர்ப்பளித்தது. ஊரைக் கூட்டிப் பகிரங்கமாகச் செய்தால்தான் அது திருமணம் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் முந்தைய நிலைப்பாட்டை அது மாற்றியது. வீட்டை எதிர்த்து வரும் இணையருக்கு அப்படி ஒரு நிபந்தனை ஆபத்தாகவும் முடியலாம் என்று உணர்ந்து எழுதப்பட்ட தீர்ப்பு அது. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 1 அன்று, ரேவணசித்தப்பா வழக்கில் இன்னோர் அமர்வு, செல்லாத மணத்தில் பிறந்த பிள்ளைக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் தாய் தகப்பனின் பங்கில் உரிமை உண்டு என்றது. பெற்றோரின் உறவு செல்லுமா செல்லாதா என்பது பெரியவர்களின் விவகாரம். அதன் தண்டனையைப் பிள்ளை சுமக்கக் கூடாது என்பதே அதன் சாரம். இந்த மூன்று தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், முதல் இரண்டில் இருந்த துணிவு மூன்றாவதில் பிள்ளைகளைப் பற்றிய இடத்தில் எங்கே போயிற்று என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு முன்பும் பின்பும் வேறொரு பாதையில் நடந்துவருகிறது. 2019-இல் அருண்குமார் வழக்கில் திருநங்கையும் 'மணமகள்' என்ற சொல்லுக்குள் அடங்குவார் என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். 2021 ஜூனில், மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இந்தப் பொருள் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு தீர்ப்பு எழுதினார். அதே வழக்கில் 2023 நவம்பரில் 'குடும்ப உறவு ஒப்பந்தப் பத்திரம்' என்ற ஏற்பாட்டைப் பரிசீலிக்குமாறு மாநில அரசைக் கேட்டுக்கொண்டார். 2025 மே 22 அன்று, வேலூர் மாவட்டத்திலிருந்து வந்த ஆட்கொணர்வு மனுவில் நீதிபதிகள் சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்றார்கள். தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒன்றிய அரசும் 2024 ஆகஸ்டில் ஒருபால் இணையரை ரேஷன் அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம், கூட்டு வங்கிக் கணக்குக்குத் தடையில்லை என்று அறிவுறுத்தியது. ஆக, அரிசி வாங்க அவர்கள் குடும்பம். அந்த அரிசியைப் பொங்கிப் பிள்ளைக்கு ஊட்டும்போது குடும்பமல்ல.

பெற்றோர் என்ற சொல்

சொல்லிலிருந்து சில தடைகள் தொடங்குகின்றன. நம் செய்தித்தாள்கள் நெடுங்காலம் 'ஓரினச்சேர்க்கை' என்றே எழுதின. செயலை மட்டும் குறிக்கும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 'பெற்றோர்' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள், ஒட்டாது. அந்தச் சொல்லில் ஒரு சமையலறை இல்லை, ஒரு வீட்டுப்பாட நோட்டு இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் 2022-இல் தமிழ்நாடு அரசு சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு போன்ற சொற்கள் அலுவல் வழக்குக்கு வந்தன.

'பெற்றோர்' என்ற சொல்லிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. பெறுதல் என்ற வினையிலிருந்து வந்தது அது. வளர்த்தவருக்கு அதில் இடமில்லை. ஆனால் தமிழ் உறவுமுறை அந்தக் குறையை வேறு வழியில் ஈடு செய்கிறது. தாயின் உடன்பிறந்தவள் நமக்கு வேற்றுறவு அல்ல. பெரிய தாய் அல்லது சிறிய தாய். தகப்பனின் உடன்பிறந்தவன் பெரியப்பா அல்லது சித்தப்பா. 1871-இல் லூயிஸ் மார்கன் தம் உறவுமுறை ஆய்வில் தமிழைக் கண்டு வியந்தது இதனால்தான். 1981-இல் தாமஸ் டிரவுட்மன் திராவிட உறவுமுறை பற்றி எழுதிய நூல் இதை விரிவாக ஆராய்கிறது. ஒரு பிள்ளைக்குப் பல தாய்மார் இருப்பது தமிழில் இலக்கணப் பிழை அல்ல.

சிட்லபாக்கத்துக் குழந்தை 'பெரியம்மா' என்று அழைப்பது ஒளிந்துகொள்ளக் கண்டுபிடித்த உத்தி என்று முதலில் தோன்றும். அந்தச் சொல்லை அதன் தர்க்கத்தோடு பின்தொடர்ந்து போனால் காட்சி மாறுகிறது. பெரியம்மாவின் தம்பி குழந்தைக்கு மாமன். காதுகுத்தில் உட்கார வைக்கத் தாய்மாமன் மடி வேண்டும். சீர்த்தட்டு தூக்கத் தாய்மாமன் வேண்டும். இந்தக் குழந்தைக்கு மாமன்மார் இரு பக்கத்திலிருந்தும் வருவார்கள். அத்தை மட்டும் இல்லை. இரண்டு அப்பாக்களின் வீட்டிலோ அத்தைமார் இரண்டு பக்கம், தாய்மாமன் மடி காலி. அந்த இடத்தை யார் நிரப்புவது என்று அந்த வீடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். உறவுமுறை எவ்வளவு வளையும், எங்கே வளையாது என்பதை இப்படிச் சடங்கு சடங்காகத்தான் அறிய முடியும். குரோம்பேட்டை குமரன்குன்றத்தில் நிற்கும் முருகனைக் கார்த்திகைப் பெண்கள் அறுவர் வளர்த்ததாக நம்பும் ஊர் இது. புராணம் சட்டமாகாது, அதை ஆதாரமாக நான் வைக்கவும் இல்லை. ஆறு தாய்மார் என்று சொல்லும்போது நம் நாக்கு தடுக்குவதில்லை என்பதை மட்டும் குறிக்கிறேன்.

ஆய்வுகளும் அச்சங்களும்

பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்களா என்ற கேள்விக்கு உலகில் நாற்பது ஆண்டு ஆய்வு இருக்கிறது. நானெட் கார்ட்ரல் 1986-இல் அமெரிக்காவில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, தன்பாலீர்ப்புத் தாய்மாரோடு வளர்ந்த பிள்ளைகளைக் கருவிலிருந்தே பின்தொடர்ந்தது. 25 வயதில் அவர்களில் 77 பேரைப் பொது மக்கள்தொகையோடு ஒப்பிட்டபோது மனநலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2018-இல் வெளியான முடிவு சொன்னது. இங்கிலாந்தில் சூசன் கோலம்போக்கின் ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன: குடும்பத்தின் வடிவத்தைவிட உறவின் தரமே பிள்ளையை உருவாக்குகிறது. எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்ட மார்க் ரெக்னரஸின் 2012 ஆய்வோ, தாயோ தகப்பனோ எப்போதாவது ஒருபால் உறவில் இருந்திருந்தால் போதும் என்று பிள்ளைகளை ஒரே கூடையில் போட்டது. பிறந்தது முதல் இரு தாய்மாரோடு நிலையாக வளர்ந்தவர்கள் அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. மணமுறிவின் காயத்தை அளந்துவிட்டு அதற்கு வேறு பெயர் சூட்டியது அந்த ஆய்வு. 2014-இல் மிச்சிகன் நீதிமன்றம் அவருடைய சாட்சியத்தை ஏற்க மறுத்தது.

கார்ட்ரலின் ஆய்வில் இடம்பெற்ற தாய்மார் பெரும்பாலும் படித்த, வெள்ளையின, விரும்பி முன்வந்த அமெரிக்கர்கள். அந்த முடிவை அப்படியே கொண்டுவந்து பெருங்களத்தூரில் ஒட்டவைக்க நான் தயாரில்லை. ஒட்டவைக்கத் தேவையுமில்லை. குடிகாரத் தகப்பனுக்கும் பிள்ளைமேல் சட்டப்படி உறவு உண்டு. எந்த ஆய்வும் அவனைத் தேர்வு எழுதச் சொல்வதில்லை. ஒரு சாரார் மட்டும் சிறந்த பெற்றோர் என்று நிரூபித்த பிறகே பெற்றோராகலாம் என்பது அந்த வீட்டுப் பிள்ளைமேல் ஒரு கொடுமையான பாரத்தையும் ஏற்றுகிறது. அந்தப் பிள்ளை தோற்கவே கூடாது. கணக்கில் ஃபெயிலானால், பதினைந்து வயதில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதால், "பார்த்தீர்களா" என்று ஊர் சொல்லும். 2011-இல் அயோவா சட்டமன்றத்தில் தன் இரு அம்மாக்களைப் பற்றிப் பேசிய ஜாக் வால்ஸ் என்ற 19 வயது மாணவர் உலகம் முழுதும் பாராட்டப்பட்டார். அவர் பேச்சில் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் நாவன்மை இல்லாத, சுமாராகப் படிக்கும், கோபக்காரப் பிள்ளைக்கும் இரண்டு பெற்றோர் வேண்டும்.

"ஊர் கேலி செய்யும், பிள்ளை பாவம்" என்ற வாதத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன், ஏனென்றால் ஊர் கேலி செய்யும் என்பது உண்மை. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2023 ஏப்ரலில் திருமணத்திலும் தத்தெடுப்பிலும் சமத்துவத்தை ஆதரித்தபோதே, இப்பிள்ளைகள் ஒதுக்கலைச் சந்திக்கக்கூடும், அதைத் தடுக்கச் சமூகம் விழிப்போடிருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் கேலிக்கு அரசு என்ன செய்ய வேண்டும்? சாதி கடந்து மணந்தவர்களின் பிள்ளைகளும் இந்த மாநிலத்தில் கேலியையும் அதைவிடக் கொடியதையும் சந்திக்கிறார்கள். அதற்காக அரசு அந்தத் திருமணங்களைத் தடை செய்யவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் நிதியுதவித் திட்டம் வைத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1984-இல் பால்மோர் வழக்கில் இதையே சொன்னது: கறுப்பினத்தவரை மறுமணம் செய்த வெள்ளையினத் தாயிடமிருந்து ஊராரின் வெறுப்பைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்க முடியாது.

இன்னொரு எதிர்ப்பு உள்ளிருந்து வருகிறது. என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் அதுதான். சாதியையும் ஆணாதிக்கத்தையும் காத்துவந்த நிறுவனம் திருமணம். அதற்குள் நுழைய ஏன் வரிசையில் நிற்க வேண்டும் என்று பால்புதுமையினர் சிலரும் பெண்ணியர் பலரும் கேட்கிறார்கள். 'பெண் ஏன் அடிமையானாள்?' எழுதிய பெரியாரின் மண்ணில் அந்தக் கேள்வி அந்நியமானதல்ல. எனக்கு அதில் பெருமளவு உடன்பாடு. அதனால்தான் பிள்ளையின் உரிமையைத் திருமணத்தின் வாலில் கட்டக் கூடாது என்கிறேன். மிச்சிகனில் ஏப்ரல் டிபோர், ஜேன் ரவுஸ் என்ற இரு செவிலியர் 2012-இல் வழக்குத் தொடுத்தது மணம் செய்துகொள்ள அல்ல. தனித்தனியே தத்தெடுத்த குழந்தைகளுக்கு இருவருமே தாயாக வேண்டும் என்றுதான். திருமணத் தடையையும் சேர்த்து எதிர்க்குமாறு சொன்னவர் நீதிபதி. அது வளர்ந்து 2015-இல், ஒருபால் திருமணத்தை அமெரிக்கா முழுதும் ஏற்ற ஓபர்கெஃபெல் தீர்ப்பில் போய்ச் சேர்ந்தது. மறுபுறம், திருமணத்தை மட்டும் வென்றாலும் போதாது. தைவான் 2019-இல் ஆசியாவிலேயே முதலாவதாக ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கியது. இரத்த உறவில்லாத குழந்தையை இணைந்து தத்தெடுக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த தாய்லாந்துச் சட்டம் கணவன் மனைவி என்ற சொற்களை மாற்றியது, தாய் தந்தை என்ற சொற்களைத் தொடவில்லை.

1967-ஐத் திரும்பப் படித்தல்

1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்கள் நாற்பது ஆண்டு சட்டத்தின் கண்ணில் திருமணங்களே அல்ல. தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில், 1954-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியான தீர்ப்பில், சென்னை உயர் நீதிமன்றம் அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: சடங்கும் இல்லை, வழக்காறும் இல்லை, ஆகவே மணமும் இல்லை. ஒரே நாளில் மாநிலம் முழுதும் எத்தனையோ வீடுகளில் மனைவி மனைவியல்லாதவளானாள், பிள்ளை 'முறைதவறிய' பிள்ளையானது. ஐயரும் அக்கினியும் இல்லாமல் மேடையில் மாலை மாற்றிக்கொண்டவர்களின் கொள்கையைப் பற்றி எதிர்ப்பாளர்கள் சொன்னதும் இன்று கேட்பதும் ஒன்றேதான்: இது மரபல்ல, பிள்ளைகளின் கதி என்னாவது?

அண்ணா அரசு அந்தக் கேள்வியைத் தலைகீழாகப் பிடித்தது. பிள்ளைகளின் கதி கவலையாக இருந்தால் சட்டத்தை மாற்றுவோம். இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவு 1967-இல் நிறைவேறி 1968 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது மற்றவர் முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். பலரும் மறந்துவிடுவது அதன் பின்பகுதியை. சட்டம் வருவதற்கு முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அவை நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது அது. நாற்பது ஆண்டுப் பிள்ளைகள் ஒரே வரியில் இனிஷியல் பெற்றார்கள்.

இதைச் செய்ய அரசியலமைப்பு இடம் தந்தது, இன்றும் தருகிறது. திருமணம், இளவர், தத்தெடுப்பு, வாரிசுரிமை எல்லாம் பொதுப்பட்டியலின் ஐந்தாம் பதிவில் இருக்கின்றன. ஒன்றியச் சட்டத்தை மாநிலம் தன் எல்லைக்குள் திருத்தலாம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமையைத் தமிழ்நாடு இதே வழியில் 1989 மார்ச்சிலிருந்து தந்தது. நாடு முழுதுக்கும் அது வர 2005 ஆயிற்று. சுப்ரியோ வழக்கின்போது ஒன்றிய அரசு மாநிலங்களின் கருத்தைக் கேட்டபோது ஏழு மாநிலங்கள் பதில் எழுதின. அவற்றில் தமிழ்நாடு இல்லை. அந்த மௌனம் என்னை இன்றும் வருத்துகிறது.

ஒப்புதல் கிடைக்குமா என்பது அரசியல். என்ன கேட்க வேண்டும் என்பதில் தெளிவு இருக்கலாம். உயர் நீதிமன்றம் சொன்ன குடும்ப உறவுப் பத்திரம் நல்ல தொடக்கம். ஆனால் அது வயதுவந்த இருவருக்கிடையேயான ஒப்பந்தம். கையெழுத்திடாத மூன்றாவது ஆளாகப் பிள்ளை வெளியே நிற்கும். எனவே திருத்தம் இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் வர வேண்டும். பெற்றவரின் அல்லது தத்தெடுத்தவரின் எழுத்துபூர்வமான இசைவோடு, ஒரே வீட்டில் பிள்ளையை வளர்த்துவரும் இரண்டாமவரை மாவட்ட நீதிமன்றம் பெற்றோராக அறிவிக்கலாம் என்ற ஒரு பிரிவு. அந்த அறிவிப்பு வாரிசுரிமைக்கும் பராமரிப்புக்கும் செல்லும். இருவரும் பிரிந்தாலும் செல்லும். இருவரும் மணந்தவர்களா, ஒரே பாலினரா, அக்கா தங்கையா என்று அந்தப் பிரிவு கேட்க வேண்டியதில்லை. அக்காவின் பிள்ளையை வளர்க்கும் சித்திக்கும், பேத்தியை வளர்க்கும் ஆத்தாவுக்கும் அது பயன்படும். தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை 1990-களிலிருந்து எச்.ஐ.வி. நோயாளிகளைக் கவனித்துவரும் இடம். தாய் தகப்பனை அந்த நோய்க்குப் பறிகொடுத்து ஆச்சிகளின் கையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சட்டம் அன்றே தேவைப்பட்டிருக்கும்.

சிங்கப்பூரில் 2018 டிசம்பரில், அமெரிக்க வாடகைத்தாய் மூலம் பிறந்த தன் மகனைத் தத்தெடுக்க ஒரு தன்பாலீர்ப்பு ஆணுக்கு உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஒருபால் குடும்பங்களை ஊக்குவிக்காத பொதுக்கொள்கை ஒருபுறம் இருந்தாலும், குழந்தையின் நலன் அதைவிடக் கனமானது என்று எடை போட்டது. வேறு வகையில் மிகவும் இறுக்கமான அந்த நாட்டு நீதிமன்றமே அந்தத் தராசைக் கையில் எடுத்திருக்கிறது.

நான் கேட்கும் பிரிவில் ஒரு சொற்றொடரை மட்டும் 1967-இலிருந்து அப்படியே எடுத்து வைக்க விரும்புகிறேன். அறிவிப்பு எந்த நாளிலிருந்து செல்லும் என்பது அது. சட்டம் அரசிதழில் வந்த நாளிலிருந்தோ நீதிபதி கையெழுத்திட்ட நாளிலிருந்தோ என்று வைத்தால், சிட்லபாக்கத்துக் குழந்தையின் முதல் காய்ச்சலும் முதல் நடையும் முதல் பள்ளிநாளும் பெரியம்மா இல்லாத காலமாகச் சட்டத்தில் நின்றுவிடும். குழந்தையை அந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்று எழுத வேண்டும்.